செப்புத் தகட்டில் தலையணை மந்திரம்

புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1748 செப்டம்பர் பக்கங்களுக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு படம் நினைவுக்கு வரும். புதுச்சேரியோடு அந்தப் படத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. நெதர்லாந்தின் லைடன் நகரத்து லூக்காஸ் 1514இல் செப்புத் தகட்டில் செதுக்கியது. சாலமோன் மன்னன் முழந்தாளிட்டு ஒரு விக்கிரகத்தைக் கும்பிடுகிறான். அருகில் ஒரு பெண். ஞானத்துக்கே பேர்போன மன்னன், வயதான காலத்தில் அயல்நாட்டு மனைவியரின் பேச்சைக் கேட்டு அவர்களுடைய தெய்வங்களுக்குத் தலைவணங்கினான் என்பது பழைய ஏற்பாட்டுக் கதை.

பிள்ளை சொல்வதும் அதே கதைதான், தலைகீழாக. பாஸ்கவென் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை வளைத்துக்கொண்ட நாட்கள் அவை. சம்பா கோயில் என்ற கத்தோலிக்க ஆலயத்தை ஒட்டி நின்ற வேதபுரீசுவரர் கோயிலை இடிக்கப் பொறியாளர், சேசு சபைப் பாதிரிமார், கொத்தர், கூலியாட்கள் என்று ஒரு கூட்டமே வந்து இறங்குகிறது. காரைக்கால் பாதிரிமாரின் தலைவரான கேர்தூ, லிங்கத்தைக் காலால் உதைத்ததாகப் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார். (பின்னாளில் சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைப் பற்றி ஐரோப்பாவுக்கு எழுதியனுப்பிய அறிஞரும் இதே கேர்தூதான். கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.) பாதிரிமார் ஐம்பது வருஷமாக இந்தக் கோயிலை அகற்றக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், முந்தைய கவர்னர்கள் இது தமிழர் பூமி, வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள் என்பதும் பிள்ளை தரும் தகவல்தான். அப்படியென்றால் இப்போது மட்டும் எப்படி நடந்தது? மதாம். பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளெக்ஸ் பெண்சாதி சொல்லைத் தட்டாதவர். பிள்ளையின் மனத்தில் வழக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ஒருவன் விக்கிரகத்தின் முன் விழுந்தான், இன்னொருவன் விக்கிரகத்தை விழவைத்தான். விளைவுகள் நேர் எதிர். காரணமாகக் காட்டப்படுவதோ இரண்டிலும் ஒன்றே: தலையணை மந்திரம். எந்தப் பூட்டுக்கும் பொருந்தும் சாவியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். இந்தச் சாவி எங்கே, யார் பட்டறையில் அடிக்கப்பட்டது என்று பார்க்கத்தான் பதினாறாம் நூற்றாண்டின் செப்புத்தகட்டுப் படங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது.

முதலில் தொழிலைப் பார்த்துவிடுவோம். மெருகிட்ட செப்புத் தகட்டில் கூரிய எஃகு உளியால் கோடு கீற வேண்டும். உளியின் குமிழ்ப்பிடி உள்ளங்கையில் அமர்ந்திருக்கும். வளைகோடு வேண்டுமானால் உளியைத் திருப்புவதில்லை, தகட்டைத்தான் திருப்புவார்கள். நம்மூரில் ஓலை எழுதியவர்கள் எழுத்தாணியை ஓரிடத்தில் நிறுத்தி ஓலையை நகர்த்தியது போல. பிறகு தகடு முழுக்க மை பூசி, மேற்பரப்பை வழித்துத் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் மை தங்கும். ஓலைக்குக் கரி தடவித் துடைக்கிற அதே வித்தை. ஈரத் தாளை மேலே வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி எடுத்தால் படம் இடவலம் மாறித் தாளில் இறங்கும். ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். சுவரோவியம் ஓர் ஊருக்குச் சொந்தம். இந்தத் தாளோ மூட்டையில் சுருட்டிக் கப்பலேறும். பெட்டியில், புத்தக இடுக்கில், சட்டைப் பையில் கிடக்கும். அதனால் இந்தப் படங்களில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்கும்போது, படத்துக்குள் யார் யாரை மிரட்டுகிறார்கள் என்று மட்டும் பார்த்தால் போதாது. தகட்டைக் கீறிய கை யாருடையது, தாளைப் பிடித்துப் பார்த்த கை யாருடையது என்றும் பார்க்க வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான்.

பெரும்பாலும் இரண்டும் ஆண் கைகள். பொற்கொல்லர், ஆயுதத்துக்கு அணிவேலை செய்வோர் ஆகியோரிடமிருந்து பிறந்த தொழில் இது. அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். ஆல்பிரெக்ட் டியூரர் 1504இல் செதுக்கிய ஆதாம் ஏவாள் படத்தில் தன் பெயரும் ஊரும் ஆண்டும் பொறித்த சிறு பலகை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். அது தொங்குவது ஆதாம் பிடித்திருக்கும் கிளையில். பாம்பிடமிருந்து கனியை வாங்குவது ஏவாள். கலைஞன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதற்கு இதைவிடச் சிறிய, தெளிவான குறிப்பு வேண்டியதில்லை.

லூக்காஸ் இந்த விஷயத்தையே தொடராக எடுத்துக்கொண்டவர். 1510களில் பெண்ணின் வல்லமை என்ற தலைப்புக்குள் அடங்கும் இரண்டு மரக்கட்டை அச்சுத் தொடர்களை வெளியிட்டார். ஏவாளிடம் தோற்ற ஆதாம், தலீலாள் மடியில் தலைமயிரை இழக்கும் சிம்சோன், மனைவியரிடம் மதியிழந்த சாலமோன், ஏரோதியாளின் பழிவெறிக்கு இணங்கித் திருமுழுக்கு அருளப்பரின் தலையை வெட்டவைத்த ஏரோது. நகைச்சுவையும் எச்சரிக்கையும் கலந்த படங்கள். பார்ப்பவன் சிரித்துக்கொண்டே தன் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்திருப்பான். சிம்சோனின் பலமும் சாலமோனின் அறிவும் ஒரு பெண்ணிடம் தோற்றன என்று சொல்வது மேலுக்குப் பெண்ணின் அதிகாரத்தை ஒப்புக்கொள்வதுபோல் இருக்கும். உண்மையில் அது ஆணுக்கு ஒரு வசதி. சாலமோனுக்கு எழுநூறு மனைவியர் என்கிறது வேதம். அவர்களில் ஒருத்தி எகிப்திய மன்னன் மகள். அவை அரசியல் திருமணங்கள், அண்டை நாடுகளோடு செய்த உடன்படிக்கைகள். மாப்பிள்ளை நாட்டில் பெண்வீட்டுத் தெய்வத்துக்கு ஒரு கோயில் எழுவது அந்த உடன்படிக்கையின் விலை. ஒரு பேரரசின் வெளியுறவுக் கொள்கை முழுவதும் ஒரு பெண்ணின் உருவத்துக்குள் சுருங்கிவிட்டது.

ஆனால் இதே லூக்காஸ் இளம் வயதில், 1508ஐ ஒட்டிச் செதுக்கிய சூசன்னா படம் வேறு விதமானது. தோட்டத்தில் குளிக்கும் சூசன்னாவை இரண்டு மூப்பர்கள் ஒளிந்து பார்க்கிறார்கள், இணங்காவிட்டால் சோரம் போனாள் என்று சாட்சி சொல்வோம் என மிரட்டுகிறார்கள், அவள் மறுக்கிறாள், மரண தண்டனைவரை போய், இளைஞன் தானியேலின் குறுக்கு விசாரணையில் தப்புகிறாள். (கத்தோலிக்க வீட்டு விவிலியத்தில் இக்கதை தானியேல் ஆகமத்தில் இருக்கும். சீர்திருத்தச் சபையாரின் வேதாகமத்தில் தேடினால் கிடைக்காது.) பிற்கால ஓவியர்கள் பலரும் சூசன்னாவின் உடலை நடுவில் கொண்டுவந்து, கிழவர்களை ஓரத்துக்குத் தள்ளினார்கள். குற்றத்தைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொண்டே அதே குற்றத்தைப் பார்வையாளனுக்கும் பரிமாறும் தந்திரம் அது. லூக்காஸ் அப்படிச் செய்யவில்லை. முன்னால், மரத்தடியில், பெரிதாக இருப்பவர்கள் அந்த இரண்டு கிழவர்கள். சூசன்னா தூரத்தில், நீரோரத்தில், விரல்நகம் அளவு. உடல் தெரிவதற்கு அங்கே ஒன்றுமில்லை. நமக்கு நன்றாகத் தெரிவது கிழவர்கள் பதுங்கிநிற்கும் நிலைதான்.

தாளைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதுதான் பொறி விளங்கும். நாம் நிற்கும் இடம் அந்தக் கிழவர்களுக்குப் பின்னால். அவள் சிறியவளாக இருப்பதால் கண்ணைத் தாளுக்கு நெருக்கிக்கொண்டுபோய்த் தேடுகிறோம். தேடும் அந்த நொடியில் நாமே மூன்றாவது கிழவர். லூக்காஸ் இதை எண்ணிச் செய்தாரா, நிலக்காட்சியில் இருந்த மோகத்தால் செய்தாரா என்று வாதிடலாம். படம் செய்கிற வேலை என்னவோ இதுதான்.

இதற்கு நேர் எதிர்முனையில் நியூரம்பெர்க்கின் பார்தெல் பேஹாம். 1525இல் தெய்வ நம்பிக்கை அற்றவர்கள் என்று குற்றம்சாட்டி நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஓவியர்களில் ஒருவர். அதே ஆண்டு அவர் செதுக்கிய யூதித் படம் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். முற்றுகையிட்ட பகைநாட்டுத் தளபதியின் கூடாரத்துக்குள் தனியே நுழைந்து, அவன் குடித்து மயங்கிக் கிடக்கையில் அவன் வாளாலேயே தலையைக் கொய்து ஊரைக் காத்த கைம்பெண் யூதித். பட்டுடுத்தி நகை பூட்டிக் கிளம்பினாள் என்று ஆகமம் விரிவாகச் சொல்கிறது. பேஹாமின் யூதித் ஆடையின்றி, தலையற்ற உடல்மேல் அமர்ந்திருக்கிறாள். வாள் அவள் கையில்தான். ஆனால் தீப்பெட்டி அளவுத் தாளில் அவள் யாரோ ஒருவரின் உள்ளங்கைக்குள். வெற்றி பெற்ற பெண்ணைத் துகிலுரிந்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளும் வழி இது.

நமக்கு இந்தக் கதைகள் அந்நியமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொல்லத் துணிந்த கணவனை வலம் வருவதாகச் சொல்லி மலையுச்சியிலிருந்து தள்ளிய குண்டலகேசி யூதித்துக்கு உறவுதான். யோசேப்பின் மேலாடையைப் பிடித்திழுத்து, அவன் ஓடியதும் பழிபோட்ட போத்திபார் மனைவி யாரென்று சாரங்கதரன் நாடகம் பார்த்த தலைமுறையிடம் கேட்டால் சித்ராங்கி என்பார்கள். சாலமோனுக்குத் தயரதன். தேரோட்டிப் போர்க்களத்தில் உயிர்காத்ததற்குப் பரிசாகக் கிடைத்த வரம் என்பது மறந்துபோய், கைகேயி என்றால் மந்தரை சொல் கேட்டுப் புருஷனைக் கொன்றவள் என்றே ஊருக்குத் தெரியும். பிள்ளை லூக்காஸின் தாளைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் வீட்டுத் திண்ணையில் வேண்டிய அச்சு ஏற்கெனவே இருந்தது.

தகட்டைக் கீறிய கை பெண்ணின் கையாக இருந்தால் என்ன ஆகும்? அப்படி ஒருத்தி இருந்தாள். மாந்துவா நகரத்து டயானா. தகப்பனிடம் தொழில் கற்றவள். கலைஞர் வரலாறு எழுதிய வசாரி 1568 பதிப்பில் அவளைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். கட்டடக் கலைஞனான கணவனோடு ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தபின், 1575இல், தன் படங்களை வேறெவரும் நகலெடுத்து விற்கக் கூடாது என்று போப் பதின்மூன்றாம் கிரகோரியிடமிருந்து உரிமை வாங்கினாள். அந்த ஆண்டு அவள் வெளியிட்டவற்றில் ஒன்று, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிந்து கொல்லக் கொண்டுவந்து இயேசுவின் முன் நிறுத்தும் காட்சி. ஜூலியோ ரோமானோவின் வரைவைப் பார்த்துச் செய்தது. முறுக்குத் தூண்கள், ஆண்களின் கூட்டம், நடுவே ஒருத்தி. வரைவு ஆணுடையது, ஆகவே படத்துக்குள் பெண்ணின் பார்வையைத் தேடி அலைவது வீண்வேலை என்றே நினைக்கிறேன். அவள் கைவைத்த இடம் வேறு. தகட்டின் அடியில் தன் பெயரைப் பொறித்தாள், விற்கும் உரிமையைச் சட்டப்படி தன்னிடம் வைத்துக்கொண்டாள். ஆண்கள் கூடி ஒரு பெண்ணைத் தீர்ப்பிடும் காட்சியை ஒரு பெண்ணிடம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

இனித் தாளைப் பிடித்த கைக்கு வருவோம். இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது.

1580இல் ருடால்ஃப் அக்வாவீவா, மொன்செராத் உள்ளிட்ட மூன்று சேசு சபையார் கோவாவிலிருந்து ஃபத்தேபூர் சிக்ரி போய்ச் சேர்ந்தார்கள். அக்பருக்கு அவர்கள் கொடுத்தது ஆண்ட்வெர்ப் நகரில் பிளான்தன் அச்சிட்ட பன்மொழி விவிலியம். எட்டுப் பாகங்கள், செதுக்குப்படத் தலைப்பேடுகளோடு. அக்பர் அதை மரியாதையோடு வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டார் என்கிறார்கள். பின்னாலேயே மூட்டை மூட்டையாகத் தனித் தாள்களும் வந்தன. அவற்றில் வியரிக்ஸ் சகோதரர்களின் கைவேலை நிறைய. மூவரும் குடிகாரர்கள், கூலி கையில் விழுந்ததும் சாராயக்கடைக்குப் போய்விடுகிறார்கள் என்று பிளான்தனே புலம்பியிருக்கிறார். உலகத்தின் பாதிப் பக்தி அந்தக் கைகளிலிருந்து வந்தது. சேசு சபைக்காக அவர்களும் சேர்ந்து செதுக்கிய நதாலின் நற்செய்திப் படத்தொகுதி 1593இல் வெளிவந்தது. 153 படங்கள். சீனாவரை போயிற்று.

முகலாய ஓவியச்சாலையில் இந்தத் தாள்களைப் பார்த்துப் படியெடுத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். நாதிரா பானு தன்னை மீர் தகியின் மகள் என்றும், ஆகா ரிசாவின் மாணவி என்றும் கையெழுத்தில் குறித்திருக்கிறாள். அவளுடைய வேலை இன்று தெஹ்ரானின் குலிஸ்தான் அரண்மனையில் உள்ள ஜஹாங்கீர் தொகுப்பேட்டில் இருக்கிறது. நினீ என்று கையெழுத்திட்ட ஒருத்தியின் படம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயரை வைத்துப் பெண் என்றே கொள்கிறார்கள். ஹீரோனிமஸ் வியரிக்ஸின் தகட்டைப் பார்த்து அவள் வரைந்தது அர்ச்சியசிஷ்ட சிசிலியம்மாளின் வேதசாட்சி மரணம். சிசிலி விவிலியப் பாத்திரம் அல்லள். உரோமைக் காலத்துப் புனிதை. கொலைஞன் மூன்று முறை வெட்டியும் அவள் கழுத்து முழுதாகத் துண்டாகவில்லை என்பது ஐதீகம்.

இதில் ஒரு தலைகீழ் இருக்கிறது. ஆண்ட்வெர்ப்பில் அந்தப் படம் கன்னியின் பொறுமையைப் போதிக்க அச்சானது. ஆக்ராவில் அது ஒரு பெண்ணுக்குத் தொழிற்பயிற்சி. கறுப்புக் கோடாக வந்ததற்கு அவள் தூரிகையால் வண்ணமேற்றினாள். ஐரோப்பியச் செப்புக்கோட்டின் அடர்த்தியைத் தூரிகை மயிரால் எட்டிப்பிடிப்பது அங்கே ஒரு போட்டி. அந்தப் போட்டியில் தானும் உண்டு என்று பெயர் எழுதிவைத்தாள். வெட்டுப்படும் பெண்ணின் படத்தை ஒரு பெண் தன் கைத்திறனுக்குச் சான்றாக ஆக்கிக்கொண்டது வியரிக்ஸின் கணக்கில் இல்லாத விஷயம்.

மரியாளின் படமோ அரசியலுக்கே போய்விட்டது. அபுல் ஃபசல் அக்பர் நாமாவில் முகலாயரின் ஆதித்தாய் அலன்குவாவைப் பற்றிச் சொல்கிறார்: ஒளி புகுந்து, புருஷனின்றிக் கருவுற்றவள். மரியாளை நம்புகிறவர்கள் இதையும் நம்பலாமே என்பது அவர் வாதம். அக்பரின் தாய்க்கு மரியம் மகானி என்றும் ஜஹாங்கீரின் தாய்க்கு மரியம் உஸ் ஸமானி என்றும் பட்டங்கள். பாதிரிமார் மன்னர் மனம் திரும்பப்போகிறது என்று ஆசையோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது, மன்னர் தன் வம்சத்தின் தெய்வீகத்துக்குச் சாட்சியாக அந்தக் கன்னித்தாயை வைத்துக்கொண்டார். ஆண்களின் அரசுரிமைக்குத்தான் பயன்பட்டாள் என்றாலும், மயக்கிக் கெடுக்கும் ஏவாள் மக்களுக்கு இங்கே கிடைக்காத இடம் அவளுக்குக் கிடைத்தது.

தெற்கே வந்தால் அவள் புடவை கட்டிக்கொண்டாள். விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய கோயிலின் மாதாவுக்குப் பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் சிவன் கோயில் அம்மனின் பெயரும் அதுதான். இன்றும் புதுவை கடலூர் மறைமாவட்டத்துச் சனங்கள் அங்கே நேர்ச்சைக்குப் போகிறார்கள். புதுச்சேரி மிஷன் வீதியில், சம்பா கோயிலுக்குப் பக்கத்தில், செபமாலையும் சுரூபங்களும் விற்கும் கடையில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கினேன். வயதான அம்மா ஒருவர் பிளாஸ்டிக் உறை போட்ட மாதா படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது வேணாங்க, இந்த மாதா கீழ பாக்குது. என்னப் பாக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க” என்றார். கிடைத்ததும் கண்களில் ஒற்றி, ரவிக்கைக்குள் இருந்த சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அக்பர் செய்ததும் ஏறக்குறைய இதேதான். பேஹாமின் தாள் போன அதே இடத்துக்கு, உடலோடு ஒட்டிய ஒரு பைக்குள், இந்தத் தாளும் போயிற்று. ஆனால் யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று இங்கே முடிவு செய்தது அந்த அம்மா.

மதாம் பக்கம் திரும்புகிறேன். ழான் துய்ப்ளெக்ஸ் 1706இல் இதே ஊரில் பிறந்தவர். தகப்பன் பிரெஞ்சு மருத்துவர், தாய்வழியில் போர்த்துகீசிய, இந்திய ரத்தம். தமிழ் பேசுவார். கவர்னருக்குத் தெரியாத பாஷை மனைவிக்குத் தெரியும் என்பது அந்த ஊரில் சாதாரண அதிகாரமா? துபாஷிகளின் பிழைப்பே இரண்டு மொழிகளுக்கு நடுவில் நிற்பதில்தான். அந்த இடத்தில் கவர்னர் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி வந்து நின்றுவிட்டாள். முற்றுகையின்போது தனக்கென்று ஒற்றர்களை வைத்துச் செய்தி திரட்டினார். 1746இல் கனகராய முதலியார் இறந்து, தலைமைத் துபாஷி பதவிக்குப் பிள்ளை காத்திருந்த காலத்தில் மதாமின் தயவு வேறு ஆளுக்கு என்பது பிள்ளையின் தீராத மனக்குறை. நாட்குறிப்பில் மதாமின் பெயர் வரும்போதெல்லாம் பேனா கொஞ்சம் அழுத்தமாக விழுவதற்கு இந்தத் தொழிற்போட்டியும் காரணம்.

மதாமைப் புனிதையாக்கும் எண்ணம் எனக்கில்லை. சேசு சபையாருக்கு அவர் பெரும் ஆதரவு. கோயில் இடிபட்டதில் அவருக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. இடிபட்டது ஊரார் வழிபட்டுவந்த கோயில். அதை நேரில் கண்டவரின் துயரம் உண்மையானது. என் கேள்வி கணக்கு வழக்கு பற்றியது. ஐம்பது ஆண்டுகள் விடாமல் கேட்ட ஒரு சபை, முற்றுகையைச் சாக்காகக் கொண்ட பொறியாளர், உத்தரவு போட்ட கவர்னர், கடப்பாரை பிடித்த ஆட்கள். இத்தனை பேரும் பிள்ளையின் பக்கத்திலேயே பெயரோடும் பதவியோடும் நிற்கிறார்கள். அப்படியிருந்தும் கூட்டிப் பார்க்கும்போது விடை ஒரு பெண்ணின் பேச்சு என்று வருகிறது. லூக்காஸின் தகட்டில் சாலமோனின் பேரரசு மறைந்து ஒருத்தி மட்டும் மிஞ்சியது போல. பதவி இல்லாத அதிகாரம் எப்போதும் கண்ணுக்குச் சதியாகத்தான் தெரியும். பதவி தராதவர்கள் யார் என்பது படத்துக்கு வெளியே இருக்கும்.

பிறகு நடந்தவை சுருக்கமானவை. 1754இல் துய்ப்ளெக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். மதாம் 1756இல் பாரிஸில் இறந்தார். 1761 ஜனவரியில் பிள்ளை கண்மூடிய சில நாட்களில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. எந்தக் கோயிலுக்காக வேதபுரீசுவரர் அகற்றப்பட்டாரோ அந்தச் சம்பா கோயிலையும் அவர்கள் தரைமட்டமாக்கினார்கள். இப்போது நிற்பது 1791இல் முடிந்த கட்டடம். வேதபுரீசுவரரும் வேறிடத்தில் எழுந்தருளிவிட்டார்.

கடற்கரையில் துய்ப்ளெக்ஸுக்கு ஆளுயரத்துக்கு மிஞ்சிய சிலை இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கப்ஸ் கோயில் என்று ஊரார் சொல்லும் சம்மனசுகளின் மாதா ஆலயத்துக்கு எதிரே, சின்னப் பூங்காவில் ஒரு ழான் நிற்கிறாள். வெள்ளைச் சிலை, கவசம். சுற்றுலா வருகிறவர்கள் அவளைத் துய்ப்ளெக்ஸின் மனைவி என்று நினைத்துக் கேட்பதுண்டு. இல்லை, இது ழான் தார்க், ஆண் உடை தரித்ததும் ஒரு குற்றமென்று எரிக்கப்பட்டவள் என்று சொன்னால், அப்போ கவர்னர் பெண்சாதி சிலை எங்கே என்பார்கள். பெரிய மார்க்கெட் பக்கம், பிள்ளை வீட்டு வழியைக் காட்டிவிடுவேன்.